தோப்புக் கேட்டும் ஒரு வெல்டிங் மெஷினும்

சித்திரைத் திருவிழா வாரத்தில் எங்கள் தென்னந்தோப்புக் கேட்டின் மேல் கீல் விட்டுப்போனது. அந்த வாரத்தில் மதுரைப் பக்கம் யாரையும் வேலைக்குக் கூப்பிட முடியாது. அழகர் மலைக்குத் திரும்பிய பிறகும் பட்டறைகள் திறக்க இரண்டு நாள் ஆகும். கேட்டைக் கயிறு போட்டுத் தென்னை மரத்தோடு கட்டி வைத்திருந்தேன். எட்டாம் நாள் ராத்திரி கயிறு நழுவி மாடுகள் உள்ளே புகுந்து, ஊடுபயிராக வைத்த வாழைக்கன்றுகளில் முப்பதுக்கு மேல் தின்றுவிட்டுப் போயின.

நான்கு வருஷத்தில் அந்தக் கீல் விட்டுப்போவது அது மூன்றாவது முறை. விட்ட இடத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். வெளியே தடிமனாகத் தெரிந்த வெல்டுக்கு உள்ளே முழுக்கக் கறுத்த ஸ்லாக், அதாவது ராடு மருந்து எரிந்து மிஞ்சும் கசடு. இரும்பும் இரும்பும் உருகிச் சேர்ந்திருந்தது ஒரு நக அகலத்துக்குத்தான். முதல் தடவை வைத்தவர் பழைய துருவைக்கூடச் சுரண்டாமல் மேலேயே பூசியிருக்கிறார். இனி இதை நானே செய்வது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு சாய்ப்பு இருக்கிறது. பழைய சைக்கிளும் தேங்காய் மட்டையும் கிடந்த அந்த இடத்தை ஒதுக்கினேன். கையில் இருபதாயிரம் ரூபாய் இருந்தது.

வாடிப்பட்டி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். புதூர் அரசு ஐடிஐயில் வெல்டர் படித்துவிட்டு இருபது வருஷமாக இதே வேலையில் இருக்கிறார். அவரிடம் போய், "அண்ணே, எந்த மெஷின் வாங்கலாம்?" என்று கேட்டேன். "மெஷின் கிடக்கட்டும் தம்பி, உங்க வீட்டு லைன் எப்படி?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியின் அருமை அப்போது எனக்கு விளங்கவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் விளங்கியது.

முதலில் என் கண் போனது பழைய ட்ரான்ஸ்பார்மர் மெஷின் மேல்தான். பழைய இரும்புக் கடையில் ஒன்று மலிவாகக் கிடந்தது. பலகைப் பெட்டி மாதிரி உருவம், அடியில் சக்கரம், இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். அந்த வகைக்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு. உள்ளே சுற்றுக்கம்பியும் இரும்புத் தகடும் தவிர வேறொன்றும் இல்லை, அதனால் லேசில் கெட்டுப்போகாது. ஆனால் அவற்றில் பாதி இரண்டு ஃபேஸ் கேட்பவை. ஒரே ஃபேஸில் ஓடுபவையும் லைனிலிருந்து முப்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மருந்து பூசிய வெல்டிங் ராடு உரசும்போதெல்லாம் அக்கம்பக்கத்து லைட்டெல்லாம் மங்கும். கிராமத்து லைனில் அப்படிச் செய்தால் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க முடியாது. அதை விட்டுவிட்டேன்.

அடுத்துப் பார்த்தது மிக் (MIG) என்ற வகை. துப்பாக்கியை அழுத்தினால் கம்பி தானாக வரும், பழகுவதும் சுலபம், ஸ்லாக் தட்ட வேண்டியதில்லை. ஆனால் கேஸ் சிலிண்டர், ரெகுலேட்டர் என்று கூடவே ஒரு குடும்பம் வரும். அதோடு எங்கள் சாய்ப்புக்கு மூன்று பக்கமும் சுவர் கிடையாது. ஆடிக்காற்று அடித்தால் உருகும் இரும்பைக் காப்பாற்ற வேண்டிய கேஸ் பறந்துவிடும், வெல்டு முழுக்கப் பொத்தல் விழும். கேஸ் இல்லாமல் ஓடும் கம்பி கிடைக்கிறது, விலைதான் கூடுதல். டிக் (TIG) என்ற இன்னொரு வகை எஃகுப் பாத்திரத்துக்கும் அலுமினியத்துக்கும் சரி; தோப்புக் கேட்டுக்கு அது வேண்டாம். துருப்பிடித்த ஆங்கிள், வெளிக்காற்று, ஒற்றை ஃபேஸ் என்று இருக்கும் வீட்டுக்கு ராடு போட்டுப் பற்றவைக்கும், உள்ளே எலக்ட்ரானிக் போர்டு உள்ள இன்வெர்ட்டர் மெஷின்தான் பொருந்தும். ஐந்தாறு கிலோ எடை, தோளில் மாட்டிக்கொண்டு போகலாம்.

ஒரு சனிக்கிழமை பஸ் ஏறித் தெற்கு மாரட் வீதிப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லா மெஷினிலும் கொட்டை எழுத்தில் 200 என்று போட்டிருக்கிறது. எழுத்தைப் பார்த்து மயங்காமல், பின்பக்கம் ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டைப் படிக்க வேண்டும். ராடு மெஷினுக்கு ஒரு கணக்கு உண்டு: ஆம்பியரை 0.04-ஆல் பெருக்கி அதோடு 20 கூட்டினால், அந்தக் கரண்டில் ஆர்க்குக்கு, அதாவது ராடு முனையில் எரியும் மின்பொறிக்கு, வேண்டிய வோல்ட் வரும். 200 ஆம்பியருக்கு 28 வோல்ட். அப்படியென்றால் ராடு முனையில் மட்டும் 5,600 வாட். நம் வீட்டு 16 ஆம்பியர் பிளக்கில் முழுதாக எடுத்தாலும் 230 வோல்ட்டுக்கு 3,680 வாட்தான் வரும். மெஷினின் உள் இழப்பையும் பவர் ஃபேக்டரையும் (இழுக்கும் கரண்டு முழுதும் வேலையாக மாறாத கணக்கு) சேர்த்தால் 200 ஆம்பியர் கொடுக்க லைனிலிருந்து 40 ஆம்பியர் பக்கம் இழுத்தாக வேண்டும். 16 ஆம்பியர் பிளக்கோடு வரும் மெஷினில் எழுதியிருக்கும் 200 வெறும் மாடல் பெயர். அதற்காக அது மோசமான மெஷின் என்று ஆகிவிடாது. நமக்கு வேண்டியது எவ்வளவு என்று தெரிந்திருந்தால் போதும்.

நமக்கு எவ்வளவு வேண்டும்? கடைக்காரர்கள் 12-ஆம் நம்பர் ராடு என்று சொல்வது 2.5 மில்லிமீட்டர், அதற்கு 60 முதல் 90 ஆம்பியர். 10-ஆம் நம்பர் என்பது 3.15 மில்லிமீட்டர், அதற்கு 90 முதல் 130. ஸ்கொயர் டியூப், ஜன்னல் கம்பி, கட்டில் கால் எல்லாம் 12-ஆம் நம்பரில் முடிந்துவிடும். 6 மில்லிமீட்டர் ஆங்கிள், கீல் என்று வந்தால்தான் 10-ஆம் நம்பர். அதற்கு மேல் வீட்டில் தேவைப்படாது. ஆக, 120 ஆம்பியரை நிஜமாகக் கொடுக்கும் மெஷின் போதும்.

தகட்டில் நான் தேடிய இன்னொரு விஷயம் டியூட்டி சைக்கிள். பத்து நிமிஷத்தில் எத்தனை நிமிஷம் தொடர்ந்து ஓட்டலாம் என்பது அதன் கணக்கு. 60 சதவீதம் என்றால் ஆறு நிமிஷம் வேலை, நான்கு நிமிஷம் ஓய்வு. நல்ல தகட்டில் அது 40 டிகிரி வெப்பத்தில் கணக்கிட்டது என்று போட்டிருக்கும். மதுரை வெயிலில், அதுவும் தகரக் கூரைக்குக் கீழே, அந்த 40 முக்கியம். சில மெஷின்களில் டியூட்டி சைக்கிளே எழுதவில்லை, அவற்றைத் தள்ளி வைத்தேன்.

கையோடு ஒரு துண்டு 6 மில்லிமீட்டர் பட்டை கொண்டு போயிருந்தேன். மூன்று கடைகளில் ஓட்டிப் பார்க்க விடவில்லை. நான்காவது கடையில் ஒரு பெரியவர், "தாராளமா ஓட்டிப் பாருங்க தம்பி" என்று பிளக்கைக் காட்டினார். 10-ஆம் நம்பர் ராடு இரண்டை 110 ஆம்பியரில் நிறுத்தாமல் அடுத்தடுத்து எரிக்கச் சொல்லியிருந்தார் பட்டறை அண்ணன். எனக்கு அப்போது ராடு பிடிக்கவே தெரியாது, கடைப் பையன்தான் எரித்தான். ஆர்க் தொய்யவில்லை, ஃபேன் சத்தம் மாறவில்லை. மெஷினை அங்கேயே 7,400 ரூபாய்க்கு வாங்கினேன். ரிப்பேர் வந்தால் மதுரைக்குள்ளேயே போர்டு பார்த்துத் தர ஆள் இருப்பதையும் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். ஆன்லைனில் இதைவிட ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்திருக்கும். ஓட்டிப் பார்த்து வாங்கியதற்கு அந்த ஆயிரம் தகும் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் ராடு ஒட்டிக்கொண்டே இருந்தது. உரசினால் ஒரு பொறி, அப்புறம் ஒட்டு. ஆட்டிப் பிடுங்கினால் முனை மருந்து உதிர்ந்துவிடும். பழக்கம் இல்லாததால்தான் என்று நினைத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை முட்டி மோதினேன். ஒரு பாக்கெட் ராடில் பாதி போனது. கடையில் அந்தப் பையன் கையில் அப்படி ஓடியதே என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

தெருவில் இருக்கும் எலக்ட்ரீஷியன் தம்பி, வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரோடு வந்தான். வீட்டுக்குள் இருக்கும் பிளக்கிலிருந்து சாய்ப்புக்கு 25 மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்திருந்தேன், 1 ஸ்கொயர் எம்எம். மெஷினை 80 ஆம்பியரில் வைத்து ராடை எரித்தபோது லைனில் 14 ஆம்பியர் ஓடியது. வயர் முனையில் 214 வோல்ட் இருந்தது, ஆர்க் விழுந்ததும் 196-க்கு இறங்கியது. அது மத்தியானம். சாயங்காலம் எல்லா வீட்டிலும் லைட்டும் மோட்டாரும் ஓடும் நேரத்தில் பார்த்தால் இன்னும் கீழே போனது. பிளக் பின் தொட முடியாத சூடு. "அண்ணே, மெஷினுக்கு ஒண்ணும் இல்ல. கரண்டு கொஞ்சம் வயர்லயே சூடாப் போகுது" என்றான். பட்டறை அண்ணன் முதல் நாள் கேட்ட கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது.

ஆனி மாதத்தில் சாய்ப்புக்குத் தனி லைன் போட்டோம். மெயின் போர்டிலிருந்து நேராக 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், சி வகை 25 ஆம்பியர் எம்சிபி (கரண்டு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்), இழுத்தால் கழன்று வராத இண்டஸ்ட்ரியல் சாக்கெட், தனி எர்த். வீட்டு இணைப்பின் லோடையும் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டேன். எல்லாம் சேர்த்து வயரிங் பொருளுக்கு 5,800 ரூபாய் ஆனது. மெஷின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டதே என்று அன்றைக்கு மனசு அடித்துக்கொண்டது. மறுபடியும் அதே 80 ஆம்பியரில் எரித்துப் பார்த்தோம். 214 இருந்தது 206-க்குத்தான் இறங்கியது. அதே மெஷின், அதே ராடு, அதே கை. ராடு ஒட்டவே இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தோப்பில் பம்புசெட் ரூம் கேட்டுக்கு இருபது அடியில் இருக்கிறது, மூன்று ஃபேஸ் லைன். "அதுலயே மாட்டிடலாமே" என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். விவசாயத்துக்கு இலவசமாகக் கொடுக்கும் மின்சாரத்தில் வெல்டிங் போடுவது சட்டப்படி தப்பு, அபராதம் விழும். அபராதத்தை விடுங்கள், அந்த லைன் போனால் தென்னைக்குத் தண்ணீர் இல்லை. நான் அதைத் தொடவில்லை. மின்சாரச் செலவும் அப்படி ஒன்றும் பெரிதில்லை. 12-ஆம் நம்பர் ராடு ஒன்று எரிய ஒரு நிமிஷம் பக்கம் ஆகும். அறுபது ராடு எரித்தாலும் இரண்டேகால் யூனிட்தான்.

மெஷினோடு பெட்டியில் வந்த கேபிளையும் பார்த்தேன். இரண்டு மீட்டர், செம்பு நிறம். கத்தியால் ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். எர்த் கிளாம்பில் காந்தம் ஒட்டியது, அதுவும் மெல்லிய இரும்புத் தகடுதான். பத்து ராடு ஓட்டினால் இரண்டும் சுட்டது. முழுச் செம்பு கேபிள் 16 ஸ்கொயர் எம்எம் ஐந்தைந்து மீட்டர், கனமான ஹோல்டர், பித்தளைத் தாடை உள்ள எர்த் கிளாம்ப் எல்லாம் 2,600 ரூபாய். கேபிள் நீளமானதால் மெஷினை வேலை நடக்கும் இடத்திலிருந்து தள்ளி வைக்க முடிந்தது. மெஷின் ஆயுளுக்கு அது ரொம்ப முக்கியம். கிரைண்டர் ஓட்டும்போது பறக்கும் இரும்புத்தூளை மெஷின் ஃபேன் உள்ளே இழுக்கும். அது போர்டு மேல் படிந்தால் ஒரு நாள் ஷார்ட் ஆகும். பல்லி உள்ளே போய்ப் போர்டில் செத்து மெஷின் கெட்டதை அண்ணன் பட்டறையில் நேரிலேயே பார்த்தேன். வேலை முடிந்ததும் மெஷினைத் துணிப்பை போட்டு மூடி வீட்டுக்குள் எடுத்துவந்து விடுகிறேன்.

கண் விஷயத்தில் நான் செய்த தப்பை மறைக்காமல் எழுதுகிறேன். எனக்குத் தானாகக் கறுக்கும் ஹெல்மெட் 1,450 ரூபாயில் வாங்கியிருந்தேன், கறுப்பு அளவு 9 முதல் 13 வரை மாற்றலாம். வீட்டு வேலைக்கு 10, 11-இல் வைத்தால் சரியாக இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு நான் வெல்டிங் மேஜைக்கு டேக் (பிடிப்புக்கு வைக்கும் சின்னப் பொட்டு வெல்டு) வைத்தபோது, அக்கா மகன் பக்கத்தில் நின்று டியூபைப் பிடித்தான். அவனுக்கு ஒன்றும் தரவில்லை. "கண்ணை மூடிக்கோடா" என்று சொல்லிச் சொல்லி இருபது டேக் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி தாமதமாகத்தான் மூடியிருப்பான். ராத்திரி பதினோரு மணிக்குக் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கிறது என்று அழுதான். கண் திறக்க முடியவில்லை, தண்ணீராகக் கொட்டியது. ஆர்க் வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடும். வெயிலில் தோல் கருகுவது போலத்தான். அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது, ஆறு மணி நேரம் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும். அம்மா தாய்ப்பால் விடலாம் என்றார்கள். வேண்டாம் என்று தடுத்துவிட்டு விடிந்ததும் மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மருந்து விட்டு இரண்டு நாள் வெளிச்சம் படாமல் இருக்கச் சொன்னார்கள், சரியாகிவிட்டது. அந்த இரண்டு நாளும் அக்கா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும் வழியிலேயே கறுப்புக் கண்ணாடி போட்ட, கையில் பிடிக்கும் முகக்கவசம் ஒன்று 150 ரூபாய்க்கு வாங்கினேன். இப்போது கூட நிற்பவர் கையில் அது இல்லாமல் மெஷினை ஆன் செய்வதில்லை.

தோல் கையுறை, முன்கட்டு சேர்த்து 500 ரூபாய். முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய செருப்பு, கழுத்து வரை பட்டன். நைலான் துணியில் பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டும். சாய்ப்பில் கிடந்த தேங்காய் மட்டை, கீற்று எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி ஒரு வாளி மணலும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்தேன். வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே இருந்து, புகை ஏதும் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

முதல் வேலை மேஜை. பழைய இரும்புக் கடையில் மூன்றடிக்கு இரண்டடி, 6 மில்லிமீட்டர் தகடு கிடைத்தது, 26 கிலோ. கால்களுக்கு 16 கேஜ் ஸ்கொயர் டியூப். முதலில் கையில் இருந்த 18 கேஜ் துண்டில் பழகினேன், 1.2 மில்லிமீட்டர்தான் கனம், தொட்டதும் ஓட்டை விழுந்தது. ஹோல்டரைப் பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு மாற்றி, கரண்டை 50-க்குக் குறைத்து, ஒரே இழுப்பாக இழுக்காமல் ஒரு சென்டிமீட்டர் வைப்பது, ஆறவிடுவது, அடுத்த சென்டிமீட்டர் என்று போனால் ஓட்டை நின்றது. 6013 வகை ராடு பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் ஓடும், மைனஸில் ஹோல்டர் இருந்தால் இரும்புக்குள் குறைவாக இறங்கும். மேஜைக் கால் ஒன்றை ஒரே பக்கமாக முழுக்கப் பற்றவைத்துவிட்டேன். ஆறியதும் அது அரை சென்டிமீட்டர் உள்ளே இழுத்துக்கொண்டது. அறுத்தெடுத்து, நான்கு பக்கமும் டேக் வைத்து, எதிர் எதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி வைத்தபோது நேராக நின்றது.

ஆடி மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கேட்டைக் கழற்றினோம். எங்கள் கேட் தூண் கல்தூண். தூணைச் சுற்றி ஒரு இரும்புப் பட்டையைப் போல்ட் போட்டு இறுக்கி, அதில் பின் நிற்கிறது. கேட் பக்கம் இருக்கும் புஷ்தான் (பின் நுழையும் குழாய்த் துண்டு) ஆங்கிளோடு பற்றவைத்தது, விட்டுப்போவதும் அதுதான். நல்லவேளை, தூணிடம் கரண்டு கொண்டுபோக வேண்டிய வேலை இல்லை. மூன்று பேர் தூக்கிக் கேட்டைச் சாய்ப்புக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தோம். நின்ற வாக்கில் வெல்டு வைப்பது என் போன்ற புதுக் கைக்கு வராது. படுக்க வைத்தால் உருகிய இரும்பு இருக்கும் இடத்திலேயே நிற்கும்.

பழைய வெல்டு மூன்றையும் கிரைண்டரில் வெள்ளி நிறம் தெரியும்வரை அரைத்தேன். கிரைண்டர் 2,400 ரூபாய், இந்த மொத்தப் பட்டியலில் அதிகம் உழைத்தது அதுதான். ஆங்கிள் ஓரத்தைச் சாய்வாகச் சீவி, புஷ்ஷுக்கும் அதற்கும் நடுவில் ஒரு பள்ளம் வரும்படி செய்தேன். எர்த் கிளாம்பை ஆங்கிளில் நேராகப் பிடித்தேன். நான்கு டேக், பின்னை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்தல், அப்புறம் 10-ஆம் நம்பர் ராடு, 110 ஆம்பியர். முதல் ஓட்டம் பள்ளத்தின் அடியில். ஸ்லாக்கை முழுக்கத் தட்டி, பிரஷ் போட்டு, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இரண்டாம் ஓட்டம். கேட் தொங்கும் பாரம் முழுக்க மேல் கீலை இழுப்பதால், மேல் புஷ் பக்கத்திலிருந்து எதிர் மூலையின் அடிக்கு ஒரு பட்டையைக் குறுக்கே வைத்தேன். முன்பு யாரும் அதை வைத்திருக்கவில்லை.

பட்டறை அண்ணன் சாயங்காலம் வந்து பார்த்தார். சுத்தியலால் புஷ்ஷை நாலு பக்கமும் ஓங்கித் தட்டினார். இடது ஓரத்தில் ஒரு இடத்தைக் காட்டி, "இங்க ராடைச் சீக்கிரம் தூக்கிட்டீங்க, குழி விழுந்திருக்கு. அரைச்சுட்டு இன்னொரு தடவை வைங்க" என்றார். வைத்தேன். ரெட் ஆக்ஸைடு பூசி, கிரீஸ் வைத்து, மறுநாள் காலையில் மாட்டினோம். அக்கா மகன் ஒரு விரலால் தள்ளினான், சத்தம் இல்லாமல் போய்ச் சாத்திக்கொண்டது.

எல்லாம் சேர்த்து 20,300 ரூபாய் ஆகியிருக்கிறது, ராடும் இரும்பும் தனி. அடுத்தது மாட்டுக் கொட்டகையில் தீவனத் தொட்டி வைக்க ஒரு ஸ்டாண்டு. அதற்கு வைத்திருக்கும் பழைய பைப் ஜிஐ. அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் வரும். பற்றவைக்கும் இடத்தில் பூச்சை முழுக்க அரைத்தெடுத்துவிட்டு, காற்று வீசும் பக்கத்துக்கு முதுகைக் கொடுக்காமல் பக்கவாட்டில் நின்றுதான் வைக்க வேண்டும். ஐப்பசி மழை பிடித்தால் சாய்ப்பில் தரை ஈரமாகிவிடும், ராடும் நமத்துப்போகும். அதனால் புரட்டாசிக்குள் அதை முடிக்க நினைத்திருக்கிறேன். பைப்பை நேற்று அளந்து அறுத்து வைத்தாயிற்று.